ஆம்ஸ்டர்டாமில் ததிகிணதொம்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் கடல் கடப்பது புதிதல்ல. ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்களின் பணத்தில் எழுந்த வீடுகளில்தான் இன்றும் கல்யாணமும் முன்னோர் படைப்பும் நடத்துகிறோம். பெட்டியடிப் பையன் என்று எடுபிடியாகச் சேர்ந்து, அடுத்தாள் என்ற உதவியாளாகி, மூன்று வருடக் கணக்கை முடித்து ஊர் திரும்புவது ஐயா காலத்து ஒழுங்கு. அதனால் வெளிநாடு என்றால் எங்கள் வீட்டில் யாரும் பதறுவதில்லை. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, திரும்புவது எப்போது என்று மட்டும் கேட்பார்கள். நெதர்லாந்தில் இசையில் முதுகலை படிக்கலாமா என்று யோசிக்கிறேன் என்று நான் சொன்னபோது இந்த மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. அப்பத்தா நான்காவதாக ஒன்று கேட்டார். "மிருதங்கம் வாசிக்கிறவளுக்கு வெள்ளைக்காரன் ஊரில் என்ன வேலை?" அதற்கும் இல்லை.

நான்காவது கேள்விதான் உருப்படியான கேள்வி. நான் வளர்ந்தது தேவகோட்டையில். வீணை என்றால் காரைக்குடி சகோதரர்கள் என்று சொல்லிப் பழகிய வட்டாரம். அண்ணன் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார். தம்பி சாம்பசிவய்யர் எல்லோரையும் போல மடியில் கிடத்தி வாசிப்பார். அவர்களுக்குப் பக்கவாத்தியமாக மிருதங்கத்தில் அமர்ந்தவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. அவருடைய குரு மான்பூண்டியா பிள்ளைதான் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர். பக்கத்துப் புதுக்கோட்டையிலேயே லயத்துக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. 2023-ல் மறைந்த காரைக்குடி மணி ஐயா இதே மண்ணில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் ஜாஸ் கலைஞர்களோடு சேர்ந்தெல்லாம் வாசித்தார். இத்தனையும் இருக்கும்போது எதற்கு விமானம் ஏற வேண்டும்?

என்னை உறுத்தியது ஒரு செய்தி. ஆம்ஸ்டர்டாம் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் நம் கர்நாடக இசையின் லயக் கணக்கை ஒரு பாடமாகவே வைத்திருக்கிறார்கள். ஸ்பெயினைச் சேர்ந்த இசையமைப்பாளர் ரஃபேல் ரெய்னா அமைத்த பாடத்திட்டம் அது. நடை, ஜாதி, யதி, முத்தாய்ப்பு ஆகிய தாளக் கணக்கு முறைகளை மேற்கத்திய இசைக்காரர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று 2015-ல் அவர் ஒரு தடித்த புத்தகமும் வெளியிட்டார். படிக்கிறவர்கள் நம்மவர்கள் அல்லர். புல்லாங்குழல்காரர்கள், ஜாஸ் டிரம் வாசிப்பவர்கள், இசையமைப்பு மாணவர்கள். நம் வீட்டுச் சாமானைப் பக்கத்துத் தெருவில் வைத்து வேறு எதற்கோ பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? எனக்கு முடியவில்லை.

பெரியப்பா மகன் அண்ணன் அதே நாட்டில் ஐந்தோவன் நகரில் சிப் வேலையில் இருக்கிறார். தங்க இடம் உண்டு என்பதால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. அப்பச்சி, அதாவது அப்பா, இதற்கு மட்டும் உடனே தலையசைத்தார். கடையைப் பார்க்காமல் பங்குக்குச் சேருவது அவருக்குப் பிடிக்காது.

இப்படி நேரில் பார்க்கப் போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதினால் இணையதளத்தில் இருப்பதையே மடித்து அனுப்புவார்கள். துறைக்கு எழுதுங்கள். கச்சேரியில் மிருதங்கம் மட்டும் தனியே ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் ஒன்றை நான் வாசித்த ஒலிப்பதிவை இணைத்து, இந்த வாரம் அந்த நாட்டில் இருப்பேன், பின்வரிசையில் உட்கார்ந்து வகுப்பைப் பார்க்கலாமா என்று நான்கு வரியில் கேட்டிருந்தேன். வரலாம், வாத்தியத்தையும் எடுத்து வா என்று பதில் வந்தது.

வாத்தியத்தை எடுத்துப் போவது தனிப் பாடு. வார் பிடித்த மிருதங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, போல்ட் போட்டதைப் பெட்டியில் அடைத்தேன். அதை முடுக்கும் ஸ்பேனர் கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் அரை மணி நேரம் போய்விடும்; செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். மிருதங்கத்தின் இடக்கைப் பக்கமான இடந்தலையில் பிசைந்து அப்ப ரவை வேண்டுமே என்று கவலைப்பட்டேன். அண்ணமிண்டி, அதாவது அண்ணன் மனைவி, சிரித்தார். ஐந்தோவனில் கிடைக்காதது வேப்பிலை மட்டும்தானாம். ஒரு சிறு டப்பாவில் ரவை போட்டுக் கையில் கொடுத்தார்.

ஐந்தோவனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். மத்திய ரயில் நிலையத்தில் இறங்கித் தண்ணீர் ஓரமாகச் சிறிது தூரம் நடந்தால் கன்சர்வேட்டரி. பக்கத்திலேயே பெரிய பொது நூலகம். ஐரோப்பிய இசைக் கல்லூரி என்றால் பழைய அரண்மனையும் தூண்களுமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவோம். இது 2008-ல் திறக்கப்பட்ட கண்ணாடிக் கட்டடம். ஃப்ரிட்ஸ் வான் டோங்கன் என்ற கட்டடக் கலைஞர் ஜப்பானிய வீடுகளின் எங்காவா முறையில் இதை வரைந்தார். நடைபாதைகள் எல்லாம் கட்டடத்தின் வெளி ஓரத்தில் ஓடும். வகுப்புகளும் அரங்குகளும் உள்ளே நடுவில் இருக்கும். வெளிச் சத்தம் உள்ளே வராது, உள்ளே வாசிப்பது தெருவுக்குக் கேட்காது. எங்கள் வளவு வீட்டைச் சட்டையைப் புரட்டுவது போல உள்வெளியாகப் புரட்டிவிட்டால் இந்தக் கட்டடம்தான் என்று நின்று பார்த்தேன். நம்மிடம் நடுவில் வானம், சுற்றிலும் பத்தி, அதற்கப்பால் அறைகள். அவர்களிடம் நடுவில் அறைகள், சுற்றிலும் பத்தி, அதற்கப்பால் வானம்.

வகுப்புக்கு நேரம் இருந்ததால் காலியாக இருந்த ஒரு பயிற்சி அறையில் வாத்தியத்தைச் சரிசெய்யச் சொன்னார்கள். நான் சாதகம் செய்து பழகியது எங்கள் பங்காளி வீட்டின் பட்டாலை என்ற கூடத்தில். உயரமான கூரை, தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த வழவழப்பான சுண்ணாம்புச் சுவர். அங்கே சாப்பு என்ற அடி ஒன்று போட்டால் அது சுவரில் பட்டுத் திரும்பி வந்து இன்னொரு சாப்பாகிவிடும். யார் வாசித்தாலும் பெரிய வித்வான் மாதிரி கேட்கும். இந்த அறையிலோ எதிரொலியே இல்லை. அடித்த இடத்திலேயே சொல் விழுந்துவிடுகிறது. தொப்பியில், அதாவது இடந்தலையில், மணிக்கட்டை அழுத்தி நகர்த்தும் கும்கி இழுத்தால் மணிக்கட்டு எங்கே தொடங்கியது, எங்கே விட்டது என்பதெல்லாம் அம்மணமாகத் தெரிகிறது. ஹீட்டர் சூட்டில் தோல் இறுகிச் சுருதி வேறு ஏறிக்கொண்டே இருந்தது. ஸ்பேனரும் கையுமாக நான் போராடுவதைக் கதவின் கண்ணாடி வழியாக ஒரு செல்லோக்காரப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். ரவையைப் பிசைந்து இடந்தலையில் அப்பியதும் அவளால் பொறுக்க முடியவில்லை. கதவைத் திறந்து, அது சாப்பிடுவதா என்று கேட்டாள். சாப்பிடுவதுதான், ஆனால் இப்போது இல்லை என்றேன்.

வகுப்பில் பத்துப் பேருக்கு மேல் இல்லை. பலகையில் மேற்கத்திய இசையை எழுதும் ஐந்து கோட்டுக் குறிமுறையில் சில கட்டங்கள் எழுதியிருந்தன. ஆசிரியர் காலப்பிரமாணம் காட்டும் மெட்ரோனோமை ஓடவிட்டார். எல்லோரும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு சொல்கட்டை, அதாவது வாயால் சொல்லும் தாள எழுத்துகளை, சொல்லத் தொடங்கினார்கள். கண்ட நடையில், அதாவது ஒரு தட்டுக்கு ஐந்து மாத்திரை வைத்து, அதன்மேல் "தகிடதகதிமி" என்று ஏழு ஏழாகப் போகிறார்கள். ஏழு தட்டுக்கு முப்பத்தைந்து மாத்திரை. ஐந்து தகிடதகதிமி முடியும்போதுதான் இரண்டும் ஓர் இடத்தில் சேரும். நமக்கு இது பழகிய கணக்கு. ஆனால் ஊரில் என் மிருதங்க வாத்தியார் என்னிடம் இதைச் சொல்லவைக்க ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். முதலில் கை, பிறகு காது, கடைசியில்தான் எண்ணிக்கை. இங்கே எண்ணிக்கை முதலில் வருகிறது. டிரம் வாசிக்கும் பையன் ஒருவன் உச்சரிப்பில் "ததிகிணதொம்" என்பதைத் துண்டு துண்டாக வெட்டிச் சொன்னான். கேட்கக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் இம்மி கூட விலகவில்லை. அடுத்த சுற்றில் அதையே தட்டுக்கு மூன்று மாத்திரை வரும் திஸ்ர நடைக்கு மாற்றச் சொன்னபோது கண் இமைக்காமல் மாறினான். என் சிரிப்பு அங்கே நின்றது.

வகுப்புக்குப் பிறகு ஒரு மாணவி எழுதிய இசையின் ஒத்திகையைப் பார்க்கவும் இடம் கொடுத்தார்கள். கிளாரினெட், வைப்ரஃபோன், டபுள் பேஸ், பியானோ. கோபுச்ச யதியை அவள் சுரங்களாக மாற்றியிருந்தாள். ஒவ்வொரு முறையும் சொற்றொடர் குறுகிக்கொண்டே வர, வாத்தியங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன. கடைசியில் பேஸ் மட்டும் ஒரே ஒரு சுரத்தோடு நிற்கிறது. பசுவின் வால் என்ற பெயரை இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அது நான்கு வாத்தியங்களில் இப்படி மெலிவதை அன்றுதான் கேட்டேன். நடுவில் பியானோ ஓர் இடத்தில் தப்பியது. நம் கச்சேரி ஒத்திகையாக இருந்தால் பாட்டு தொடங்கும் எடுப்புக்குப் போய்த் திரும்ப வருவோம். இவர்கள் "நாற்பத்து மூன்றிலிருந்து" என்றார்கள். நால்வரும் நாற்பத்து மூன்றாம் கட்டத்தில் மூச்சுவிடாமல் நுழைந்தார்கள். எழுதி வைத்த இசையின் பலம் இதுதான் என்று பட்டது. எந்த இடத்தையும் கையால் தொட்டுக் காட்டலாம், பிரித்துத் திருத்தலாம், ஊருக்குப் போன பிறகு முன்பின் தெரியாத நால்வரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம்.

பிறகு என்னை வாசிக்கச் சொன்னார்கள். ஆதி தாளத்தில் கொஞ்ச நேரம் வாசித்து மோரா, கோர்வை என்ற முடிப்புக் கணக்குகளை வைத்து முடித்தேன். கோர்வையை அவர்கள் கூடவே எண்ணிக்கொண்டு வந்து தாளத்தின் முதல் தட்டான சமத்தில் என்னோடு சேர்ந்து தட்டினார்கள். எங்கள் ஊர்க் கோயில் கச்சேரியில்கூட இத்தனை பேர் எண்ணுவதில்லை. ஆனால் கேள்விகள் வேறு திசையிலிருந்து வந்தன. பாடகர் அடுத்து என்ன பாடுவார் என்று உனக்கு எப்படித் தெரியும்? எழுதிக் கொடுப்பார்களா? ஒத்திகை உண்டா? எப்போது வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? தனி ஆவர்த்தனம் எவ்வளவு நேரம் என்பது முன்பே முடிவானதா?

எதுவும் முன்பே முடிவானது இல்லை என்றேன். பல்லவி வரியைச் சங்கதி சங்கதியாக மாற்றிப் பாடும்போது ஒரு சங்கதி கேட்டதும் அடுத்த சங்கதிக்கு இடம் விட்டு வாசிக்க வேண்டும், மெதுவாகப் போகும் விளம்பக் கிருதியில் பாட்டின் சொற்களான சாகித்தியத்தின் மேல் கை விழக்கூடாது, பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் அதை மறைக்க வேண்டும், ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் நிரவலில் அவர் சூடு ஏற்றினால்தான் நாம் ஏற்றலாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். செல்லோக்காரப் பெண்ணும் எப்படியோ உள்ளே வந்து உட்கார்ந்திருந்தாள். இதை எந்த வகுப்பில் படித்தாய் என்று கேட்டாள். எந்த வகுப்பும் இல்லை. வாத்தியார் பின்னால் உட்கார்ந்து, அவருக்குச் சுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே நவராத்திரிக் கச்சேரிகளில் பார்த்தது.

அப்பத்தா கேள்விக்கான பதிலில் பாதி அங்கே தெளிவானது. மிருதங்கம் கற்க அந்த ஊர் எனக்கு வேண்டாம். பக்கவாத்தியம் என்ற கலையில் எனக்கு அவர்கள் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை, அப்படி அவர்கள் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவர்களுடைய பாடத்தில் ராகம் கிடையாது, சாகித்தியம் கிடையாது. கணக்கை மட்டும் தனியே பிரித்து எடுத்துக்கொண்டார்கள். இதைக் கேட்டு நம்மவர்களில் சிலர் கோபப்படுவார்கள். நானும் ரயிலில் போகும்போது கொஞ்சம் கோபமாகத்தான் போனேன். ஒத்திகை பார்த்த பிறகு கோபம் வரவில்லை. அந்த மாணவி நம் சங்கீதத்தைப் பாடுவதாகச் சொல்லவில்லை. தன் இசையைத்தான் எழுதுகிறாள், அதற்கு ஓர் உளி தேவைப்பட்டது, எடுத்தாள். யாரிடமிருந்து எடுத்தாள் என்பதையும் மறைக்கவில்லை. தாளில் நம் பெயரே இருக்கிறது. எனக்கு அங்கே வேண்டியது இசை எழுதும் வித்தை. கோர்வை எனக்குத் தெரியும். அதைக் கிளாரினெட்டுக்கும் பேஸுக்கும் பிரித்துக் கொடுக்கத் தெரியாது.

மறுநாள் ராட்டர்டாமுக்கும் போனேன். கோடார்ட்ஸ் என்ற கலைக் கல்லூரி அங்கே இருக்கிறது, டூலன் என்ற பெரிய கச்சேரி அரங்கை ஒட்டினாற்போல. ஃபிளமெங்கோ, டாங்கோ, துருக்கிய இசை ஆகியவற்றோடு இந்திய இசையையும் பட்டப்படிப்பாகக் கொண்டுவந்த இடம். இந்தியப் பிரிவைப் புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌரசியா நெடுங்காலம் வழிநடத்தினார். அங்கே சாய்வு ஹிந்துஸ்தானிப் பக்கம். பான்சூரியோ தபலாவோ வாசிக்கிற பிள்ளைகள் விசாரிக்கலாம். எனக்கு அது வழியில்லை என்பது வாசலிலேயே தெரிந்துவிட்டதால் அதிக நேரம் எடுக்கவில்லை.

ஊரும் பள்ளிக்கூடம்தான் என்பதை ஆம்ஸ்டர்டாமில் நம்பினேன். கன்சர்வேட்டரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் புதிய இசைக்கென்றே ஓர் அரங்கும், அதை ஒட்டி ஜாஸுக்கென்று பிம்ஹவுஸும் இருக்கின்றன. நகரின் தென்பகுதியில் 1888-ல் திறந்த கான்செர்ட்ஹெபாவ் என்ற கச்சேரி மண்டபம். அதன் பெரிய அரங்கின் மாடி முகப்பைச் சுற்றி இசையமைப்பாளர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். மேடைக்குப் பின்னாலிருந்து நீளப் படிக்கட்டு இறங்குகிறது. வாசிக்க வருகிறவர் அத்தனை பேர் பார்க்க அதில் இறங்கி வர வேண்டும். நம் சபாவில் பக்கவாட்டுத் திரையை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடலாம், எவ்வளவு நிம்மதி!

இனி அப்பச்சியின் கணக்கு. அவர் நோட்டில் கோடு போட்டு உட்கார்ந்துவிட்டார். முதுகலை இரண்டு ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்து மாணவருக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் 2025-26 கல்வியாண்டில் 2,600 யூரோவை ஒட்டி இருந்தது. நம்மைப் போன்ற வெளியாருக்கு அதில் சில மடங்கு. அதோடு வாடகையும் சாப்பாடும் மாதம் ஆயிரம் யூரோவைத் தாண்டும். அந்தப் பணம் கையில் இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டினால்தான் குடியிருப்பு அனுமதி. அந்த அனுமதிக்கு மாணவர் தானாக மனுப் போட முடியாது, கல்லூரிதான் நம் சார்பில் போடும். படிக்கும்போது வாரத்துக்கு 16 மணி நேரம் வேலை பார்க்கலாம், அல்லது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முழுநேரம். அதுவும் வேலை கொடுப்பவர் அனுமதி வாங்கினால். படிப்பு முடிந்தபின் வேலை தேட ஓராண்டு தங்கலாம். ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக் கூட்டினார் அப்பச்சி. கூட்டுத்தொகையை என்னிடம் காட்டவில்லை, நோட்டை மூடினார்.

உறவுக்காரர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். சென்னையிலேயே ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய இசைக் கல்லூரி இருக்கிறதே என்றார் ஒரு சித்தப்பா. நியாயமான கேள்விதான். மேற்கத்திய இசையின் அடிப்படை எனக்கு எங்கே கிடைத்தாலும் சரி. அதற்கு ஆம்ஸ்டர்டாம் வாடகை கொடுப்பது வீண்செலவு. அங்கே போவதென்றால், இங்கே கிடைப்பதையெல்லாம் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் போக வேண்டும்.

நோட்டை மூடிய அப்பச்சி கடைசியாகக் கேட்டது பணத்தைப் பற்றி இல்லை. "அது சரி ஆச்சி, அங்கே உனக்கு வாத்தியார் யார்?"

கட்டடத்தைப் பற்றியும் பாடத்திட்டத்தைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசியிருந்தேன், இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐரோப்பிய இசைக் கல்லூரிகளில் சேருவது பெயருக்குத்தான் கல்லூரியில் சேருவது. உண்மையில் ஒரு முதன்மை ஆசிரியரிடம் சேருகிறோம். வாரந்தோறும் தனி வகுப்பு அவரிடம்தான். நுழைவுத் தேர்வுக்கு முன்பே பலர் அவருக்கு எழுதி ஒரு சோதனை வகுப்புக் கேட்டு வாங்குகிறார்கள். அவருக்கு நம்மைப் பிடிக்க வேண்டும், நமக்கும் அவரைப் பிடிக்க வேண்டும். தட்சிணாமூர்த்திப் பிள்ளை மான்பூண்டியா பிள்ளையிடம் போய்ச் சேர்ந்ததும் கட்டடத்தைப் பார்த்து இல்லையே.

ஆகவே அங்கே இசையமைப்புச் சொல்லிக்கொடுப்பவர்களின் படைப்புகளைத் தேடிக் கேட்டேன். பெரும்பாலானவை எனக்கு ஒட்டவில்லை. இருவருடையது ஒட்டியது. இருவருக்கும் எழுதினேன். ஒருவர் பதிலே போடவில்லை. மற்றவர் அன்பாக இரண்டு வரி எழுதி, நீ எழுதிய இசை ஏதாவது இருந்தால் அனுப்பு, வாசித்த ஒலிப்பதிவு வேண்டாம் என்று முடித்திருந்தார்.

எழுதிய இசை என்று என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. அதனால் இப்போது சனிக்கிழமை காலைகளில் ஊரிலுள்ள தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஆசிரியரிடம் ஐந்து கோட்டுக் குறிமுறை கற்கிறேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் அவர். பிழை கண்டால் சிவப்பு மையில் வட்டம் போடுகிறார். இரண்டு கிளாரினெட்டுக்கும் ஒரு மிருதங்கத்துக்கும் சிறியதாக ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். வலந்தலைச் சொற்களுக்கு ஏதோ குறி கண்டுபிடித்துவிட்டோம். கும்கிக்கு வளைகோடு போட்டுப் பார்த்தோம். ஆர்கன் வாத்தியார் அதை வாசித்துக் காட்டச் சொன்னார், கேட்டுவிட்டு வேறு கோடு போடு என்றார்.

விண்ணப்பக் கெடு குளிர்காலத்தில் வருகிறது. அதற்குள் முடிந்தால் அனுப்புவேன், முடியாவிட்டால் அடுத்த ஆண்டு. மிருதங்க வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கணக்கை எண்ணிக்கொண்டே கேட்டார்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும், சனிக்கிழமை வகுப்பை ஞாயிறு மாலைக்கு மாற்றிக் கொடுத்தார்.